வியன்னாவில் ஒரு பகல், கையில் இரண்டு பெரிய பெட்டிகள்

கேள்வி: டிசம்பர் இரண்டாவது வாரம் நானும் மனைவியும் புடாபெஸ்ட்டிலிருந்து காலை ஒன்பதரைக்கு வியன்னா வந்து இறங்குகிறோம். அன்று இரவு ஒன்பதரை சுமாருக்கு வெனிஸ் போகும் ரயிலில் படுக்கை பதிவு செய்திருக்கிறோம். ஷோன்ப்ருன் அரண்மனை, கிளிம்ட் ஓவியம், பெரிய தேவாலயம், முடிந்தால் ஆபரா எல்லாம் பார்க்க ஆசை. மனைவி சைவம். எப்படித் திட்டமிடுவது?

பதில்: முதலில் இரண்டை அடித்துவிடுங்கள். ஆபரா ஏழு மணி வாக்கில்தான் தொடங்கும், முடிவதற்குள் உங்கள் வண்டி போய்விடும். ஷோன்ப்ருன் ஊருக்கு மேற்கே ஒதுங்கி இருக்கிறது. 1,441 அறைகள் கொண்ட அரண்மனை, தோட்டம், குன்றின் மேல் மண்டபம் என்று அதுவே அரை நாளை விழுங்கிவிடும். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில் அரை நாள் என்றால் முழுப் பகலும்தான்.

மிச்சத்தை ஒரே டிராமில் கோத்துவிடலாம். 'டி' என்று போட்ட டிராம் ஹவுப்ட்பான்ஹோஃப், அதாவது தலைமை ரயில் நிலையத்திலிருந்து பெல்வெடேர் மாளிகை, ஆபரா அரங்கு, நாடாளுமன்றம், ராட்ஹவுஸ் எனும் நகர மன்றக் கட்டடம் என்று வரிசையாகப் போகும். ஒரு நாள் பாஸ் வாங்கி, மறக்காமல் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். கதவோ தடுப்போ எதுவும் இருக்காது, ஆனால் பரிசோதகர் திடீரென்று வருவார்.

பெட்டிகளை நிலையத்து லாக்கரில் வைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பல் துலக்கும் பிரஷ், மாற்று உடை, மாத்திரை, சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு சின்னப் பையில் எடுத்து மேலே வையுங்கள். இரவு ரயிலின் படுக்கை அறையில் பெரிய பெட்டியைத் திறந்து விரிக்க இடமே கிடைக்காது. சக பயணிகள் தூங்கும்போது ஜிப் இழுத்துக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு! லாக்கர் எண்ணை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் மட்டும் எப்போதும் உடம்போடு இருக்கட்டும்.

காலை 11 மணிக்கு மேல் பெல்வெடேருக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே வாங்கிவிடுங்கள். நிலையத்திலிருந்து நடந்தே கால் மணி நேரம்தான். கிளிம்ட்டின் 'முத்தம்' அங்கேதான் தொங்குகிறது. கூட்டம் அதன் முன்னால் மட்டும் மொய்க்கும். 1955இல் ஆஸ்திரியாவுக்கு விடுதலை தந்த ஒப்பந்தம் கையெழுத்தான பளிங்குக் கூடமும் அதே மாளிகையில்தான், அதையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் டிராமில் ஆபரா வரை போய், அங்கிருந்து கடைத்தெரு வழியே நடந்தால் ஸ்டெஃபான்ஸ்டோம் தேவாலயம். தெற்குக் கோபுரத்துக்கு 343 படிகள். முட்டி ஒத்துழைக்காவிட்டால் வடக்குக் கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. மதியச் சாப்பாட்டில் சூப்பிடம் மட்டும் ஜாக்கிரதை, காய்கறி சூப் என்றாலும் மாட்டெலும்புச் சாறு கலந்திருக்கலாம், கேட்டுவிடுங்கள். பாலாடைக்கட்டி போட்ட நூடுல்ஸ் மாதிரியான கேஸ்ஷ்பெட்ஸ்லே நல்லது, பன்றி இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும்.

மூன்றரைக்கு ஒரு காபிக் கடை. பேர்பெற்ற கடைகளில் வாசலிலேயே வரிசை நிற்கும். பக்கத்துச் சந்தில் உள்ள பழைய கடை எதுவானாலும் சரி, ஒரு மெலாஞ்ச் காபியும் ஆப்பிள் ஸ்ட்ரூடலும் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். இந்த ஓய்வைத் தியாகம் செய்யாதீர்கள். இரவு முழுக்க ஆடும் வண்டியில் படுக்கப் போகிற கால்கள் அவை.

இருட்டிய பிறகு ராட்ஹவுஸ் முன் கிறிஸ்துமஸ் சந்தை. நம்மூர் உருளைக்கிழங்கு வடைக்குத் தூரத்துச் சொந்தமான கார்டோஃபெல்புஃபர் சூடாகக் கிடைக்கும். பஞ்ச் பானத்தில் மது உண்டு, வேண்டாமென்றால் கிண்டர்பஞ்ச் கேளுங்கள். கோப்பைக்குத் தனியாக முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வரும்.

ஏழரைக்குத் திரும்பும் 'டி' டிராமில் ஏறிவிடுங்கள். ஊர்வலம் ஏதாவது நடந்து டிராம் போகும் ரிங் சாலை மூடியிருந்தால், தேவாலயம் நிற்கும் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்திலிருந்து யு1 மெட்ரோ, மூன்றாவது நிறுத்தம் நிலையம். ரயிலில் சாப்பாடு விற்கும் பெட்டி கிடையாது. ரொட்டி, பழம் எல்லாம் நிலையத்திலேயே வாங்குங்கள். ஞாயிறன்று ஊரே கடை சாத்தினாலும் அங்கே திறந்திருக்கும். குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுநீர், பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிளாட்பாரத்தில் ரயில் பெட்டி எண்ணைப் பார்த்து ஏறுங்கள். இரவு ரயில்களில் நடுவழியில் பெட்டிகளைப் பிரித்து வேறு ஊருக்கு அனுப்புவது சகஜம். காலையில் 'வெனிஸ் மெஸ்ட்ரே' என்று பலகை பார்த்ததும் இறங்கிவிடாதீர்கள். அது கரை. வண்டி அதற்குப் பிறகுதான் நீர்மேல் பாலத்தில் ஏறும். உங்கள் நிலையம் சாந்தா லூச்சியா.