கட்டத்தில் ஆள் நகர்த்தும் கேமில் புதுமை எங்கே இருக்கிறது?

கேள்வி: "ஸ்ட்ராட்டஜி ஆர்பிஜி (வியூகம் வகுத்து ஆடும் ரோல்-பிளேயிங் கேம்) என்றால் கட்டம் கட்டமாக ஆளை நகர்த்துவது, அடிப்பது, லெவல் ஏற்றுவது, அவ்வளவுதானே? அதில் ஒன்றை மட்டும் புதுமையானது, ரசிக்கும்படியானது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?"

நீங்கள் ஏதோ ஒரு ஃபோன் கேமை இறக்கி, பத்துச் சண்டை வரை சுலபமாக ஜெயித்து, பதினொன்றாவதில் சிக்கி, லெவல் ஏற்றுவதற்காகப் பழைய சண்டையையே நான்கு நாள் திரும்பத் திரும்ப ஆடி அலுத்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் உங்கள் அலுப்பில் நியாயம் இருக்கிறது.

என் பதில் சின்னது. தோற்று நிற்கும்போது ஜெயிக்கும் வழி உங்கள் கையிலேயே இருந்திருக்க வேண்டும். நீங்கள்தான் அதை அதுவரை கவனிக்காமல் இருந்திருக்க வேண்டும். அப்படி ஒரு தருணத்தை உண்டாக்கிக் கொடுக்கும் கேம்தான் எனக்குப் புதுமையான கேம். இதை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா 2002-இல் ஊருக்கு வந்தபோது ஒரு பிளேஸ்டேஷனும் சில டிஸ்க்குகளும் கொண்டுவந்தார். ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ் அதில் ஒன்று. ஜப்பானில் 1997-இல் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்டது, இயக்கியவர் யாசுமி மட்ஸுனோ. அதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குப் பதினைந்து வயது, படித்தது தமிழ் மீடியம். அந்தக் கேமின் ஆங்கிலமோ அதை மொழிபெயர்த்தவருக்கே புரிந்திருக்காது என்கிற மாதிரி இருக்கும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆடினேன்.

ஆட்டத்தைச் சேமித்து வைக்க வீட்டில் ஒரே மெமரி கார்டு. அதில் 15 பிளாக், அதாவது 15 இடம். பதினான்கை என் தம்பி, சித்தப்பா மகன், ரெஸ்லிங்குக்கும் கார் ரேஸுக்கும் எடுத்துக்கொண்டான். எனக்கு மிஞ்சியது ஒன்று. ஒரு பிளாக்கில் ஒரு சேவ்தான் போட முடியும்.

மூன்றாவது அத்தியாயத்தின் முடிவில் ரியோவான்ஸ் கோட்டை வருகிறது. வாசலில் ஒரு சண்டை. முடிந்ததும் "சேவ் செய்யவா?" என்று கேட்கும். செய்தேன். உள்ளே போனால் கதாநாயகன் ரம்சா மட்டும் தனியாக நிற்கிறான், எதிரே வீக்ராஃப் என்ற எதிரி. அவனுடைய வாள் வித்தை தூரத்திலிருந்தே வெட்டும், தவறவும் தவறாது. இரண்டு வெட்டில் என் ரம்சா கீழே விழுந்தான். வெளியே போய் லெவல் ஏற்றலாம் என்றால் வழி இல்லை. கடைக்குப் போக முடியாது, ரம்சாவின் வேலையை, அதாவது அவன் வாள்வீரனா மந்திரவாதியா என்பதை, மாற்ற முடியாது. சேமித்த அந்த ஆட்டத்தைத் திறந்தால் நேராக வீக்ராஃபின் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்தும். நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆடிய கேம் அது.

இரண்டு வாரம் தினமும் சாயங்காலம் தோற்றேன். வேறு எதுவும் செய்ய முடியாததால், ரம்சாவிடம் என்னென்ன திறன் இருக்கிறது என்று மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படித்தேன். அதில் 'யெல்' என்று ஒன்று. கத்துவது. ஸ்பீட் ஒன்று கூடும், அவ்வளவுதான். ஒரு சண்டையில்கூட அதை நான் பயன்படுத்தியதில்லை. அடிக்க வேண்டிய முறையில் யாராவது கத்திக்கொண்டிருப்பார்களா?

அந்தக் கேமில் நீ ஒரு முறை, நான் ஒரு முறை என்று மாறி மாறி வராது. ஒவ்வொருவருக்கும் ஒரு மீட்டர் உண்டு. கடிகாரம் ஒரு தடவை துடிக்கும்போது அவரவர் ஸ்பீட் எவ்வளவோ அவ்வளவு அதில் கூடும். 100 தொட்டவருக்கு முறை வரும். ஸ்பீட் 8 என்றால் 13 துடிப்பு காத்திருக்க வேண்டும். 16 என்றால் 7 போதும். இதை நோட்டில் எழுதிப் பார்த்த அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது.

அன்று ரம்சா அடிக்கவே இல்லை. ஓடினான், கத்தினான். அறையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடி, திரும்பவும் கத்தினான். அடி விழுந்தால் மருந்து குடித்தான். ஏழெட்டு முறை கத்தியதும் வீக்ராஃப் ஒரு தடவை அசைவதற்குள் ரம்சாவுக்கு இரண்டு முறை வந்தது. இன்னும் கத்தியதும் மூன்று. அதன் பிறகுதான் வாளை ஓங்கினேன். வீக்ராஃப் வெலியஸ் என்ற ராட்சசனாக மாற, என் மற்ற ஆட்களும் உள்ளே வந்து சேர்ந்தார்கள். அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை இந்த இருபது வருடத்தில் வேறு எந்தக் கேமும் தந்ததில்லை. வெளியே போய் லெவல் ஏற்றிக்கொண்டு வரவில்லை, புதிதாக ஒரு கத்திகூடக் கிடைக்கவில்லை. ஆனால் முதல் நாள் தோற்ற நான் வேறு, அன்றைக்கு ஜெயித்த நான் வேறு.

சேவ் செய்ய விட்டுச் சிக்கவைப்பது டிசைன் குறைதானே என்று இங்கே சிலர் வருவார்கள் என்று தெரியும். ஆமாம், குறைதான். திரும்பிப் போக வழி வைக்காதது தப்பு. அதை நான் எங்கேயும் நியாயப்படுத்தவில்லை. நான் சொல்வது அந்தத் தனிச் சண்டையைப் பற்றியும், அதற்கு அந்த விதிகள் கொடுத்த இடத்தைப் பற்றியும் மட்டும்தான்.

அதே கேமில் கால்குலேட்டர் என்று ஒரு வேலை உண்டு. கணக்குப் போட்டு மந்திரம் விடுபவர். லெவல், அனுபவம், நிற்கும் உயரம், முன்னே சொன்ன மீட்டர், இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு 3, 4, 5 இவற்றின் மடங்கா, பகா எண்ணா என்று சொல்ல வேண்டும். களத்தில் அந்தக் கணக்குக்குள் வருகிற அத்தனை பேர் மேலும் அந்த நொடியே மந்திரம் விழும். காத்திருக்க வேண்டாம், மந்திர சக்தியும் செலவாகாது. ஒரே நிபந்தனை, கணக்குக்கு நண்பன், எதிரி தெரியாது. லெவல் 5-இன் மடங்கு என்று ஹோலி மந்திரத்தை விட்டால் எதிரிகள் மூவரோடு லெவல் 25-இல் இருந்த என் வைத்தியக்காரியும் சாவாள். அவளுக்கு ஹோலியை உறிஞ்சிக்கொள்ளும் கமீலியன் ரோப் என்ற அங்கியை மாட்டிவிட்டேன். அடுத்த தடவை அதே மந்திரம் எதிரிகளைக் கொன்றது, அவளைக் குணப்படுத்தியது.

இதற்கெல்லாம் ரஃப் நோட்டில் பத்துப் பக்கம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எங்கள் கணக்கு வாத்தியார் வகுப்பில் அதைப் பார்த்து, என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல் கிழித்துப் போட்டார். பகா எண் எதற்கு சார் என்று ஏழாம் வகுப்பில் கேட்டபோது கிடைத்த பதில், "பரீட்சைக்கு வரும்." நான் பகா எண்ணை ஒரு காரியத்துக்காகத் தேடியது முதல் தடவையாக அந்தப் பத்துப் பக்கத்தில்தான். பேங்க் ஆப்பில் பணம் அனுப்பும்போது அதைக் காக்கிற பூட்டுகளுக்குள்ளேயும் பகா எண் உண்டு என்று வேலைக்கு வந்த பிறகு படித்தேன். அதை ஏழாம் வகுப்பிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் அந்தக் கிழிந்த பக்கங்கள் இன்னும் மனதில் இருக்கின்றன.

சரி, பழைய கேமையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2018-இல் வந்த இன்டு த பிரீச் ஆடிப் பாருங்கள். அது ஆர்பிஜியே இல்லை என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும், உங்கள் கேள்விக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எட்டுக்கு எட்டு கட்டம், உங்களிடம் மூன்று இயந்திரங்கள். எதிரிகள் ராட்சதப் பூச்சிகள். ஒவ்வொரு பூச்சியும் அடுத்து எந்தக் கட்டத்தை அடிக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். கொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரு கட்டம் தள்ளிவிட்டால் போதும், அதன் அடி பக்கத்துப் பூச்சி மேல் விழும். 2003-இல் வந்த டிஸ்காயாவில் ஆட்டக்காரன் தன் ஆளையே தூக்கி வீசலாம். ஒருவன் இன்னொருவனைத் தூக்க, அவனை வேறொருவன் தூக்க, நடந்தால் மூன்று முறை ஆகும் தூரத்தை ஒரே முறையில் கடக்கலாம். 1990-இல் தொடங்கிய ஃபயர் எம்பளம் வரிசையின் பழைய கேம்களில் செத்த ஆள் செத்ததுதான். அந்தப் பயத்திலேயே கையில் இருக்கும் ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொள்வீர்கள்.

நீங்கள் சிக்கியிருக்கும் அந்தப் பதினொன்றாவது சண்டைக்கு வருகிறேன். உங்கள் ஆட்களின் திறன்களை ஒரு தடவை மேலிருந்து கீழாகப் படியுங்கள், முக்கியமாக இதுவரை ஒருமுறைகூட அழுத்தாதவற்றை. அங்கே எதுவும் இல்லை, காசு கட்டும் பட்டன் மட்டும்தான் இருக்கிறது என்றால் அந்தக் கேமை அழித்துவிட்டு டாக்டிக்ஸை இறக்குங்கள். ஃபோனிலேயே கிடைக்கிறது. ரியோவான்ஸ் வாசலுக்குப் போகும் முன்பு மட்டும் தனியாக இன்னொரு சேவ் போட்டுவிட்டுப் போங்கள்.