வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை. பிறகு எதற்கு இன்னொரு ஸ்கேன்?

கேள்வி: வயது 30, தண்டையார்பேட்டை. இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். இப்போது 21 வாரம். ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே, பழைய தையல் மேல் இருக்கிறது, அக்ரீட்டாவாக இருக்கலாம், டாப்ளர் பார்க்கவும் என்று எழுதியிருக்கிறார்கள். வலியோ ரத்தப்போக்கோ இல்லை. 'அது தானா மேல ஏறிடும்' என்கிறார் மாமியார். வளைகாப்பு முடிந்ததும் பழவேற்காட்டில் அம்மா வீட்டுக்குப் போகலாமா?

பதில்: மாமியார் சொல்வது பாதி சரி. ஐந்தாம் மாதத்தில் கீழே தெரியும் நஞ்சுக்கொடி, கர்ப்பப்பை விரிய விரியப் பலருக்கு மேலே போய்விடும். உங்களுக்கோ அடியில் இரண்டு ஆபரேஷன் தழும்பு இருக்கிறது.

நஞ்சுக்கொடிக்கும் கர்ப்பப்பைத் தசைக்கும் நடுவே மெல்லிய படலம் உண்டு. அது இருப்பதால்தான் குழந்தை பிறந்த அரை மணிக்குள் நஞ்சு கழன்று வருகிறது. அறுத்துத் தைத்த இடத்தில் இந்தப் படலம் சரியாக வளராமல் போகலாம். அப்போது நஞ்சு நேரே தசையைப் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் அக்ரீட்டா என்கிறார்கள். சிலருக்குத் தசையையும் தாண்டிச் சிறுநீர்ப்பை வரை போகும். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடியிருந்து, முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களில் 100-க்கு 11 பேருக்கும், இரண்டு ஆனவர்களில் 40 பேருக்கும் இப்படி ஒட்டியிருந்தது.

இது வலித்துக்கொண்டு வரும் நோய் இல்லை. தெரியாமல் விட்டால் பிரசவ மேஜையில்தான் தெரியும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. ஒட்டிய நஞ்சை இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ரத்த வங்கி இல்லாத இடத்தில் அது உயிர்ப் பிரச்சினை.

எனவே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் கட்டாயம், அதுவும் இதைப் பார்த்துப் பழகியவரிடம். சிறுநீர்ப்பை ஓரளவு நிரம்பியிருக்கட்டும். அதன் சுவர்க்கோடு விட்டுப்போயிருக்கிறதா, நஞ்சுக்குள் ஒழுங்கற்ற ரத்தக் குழிகள் உண்டா, தசை மெலிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறப்புறுப்பு வழி ஸ்கேனுக்குப் பயப்பட வேண்டாம், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. சந்தேகம் நீடித்தால் எம்.ஆர்.ஐ. பழைய ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சீட்டுகளைக் கையோடு கொண்டு போங்கள். 28, 32 வாரங்களை ஒட்டி மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.

உறுதியானால், வலி வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் 34-லிருந்து 36 வாரத்துக்குள் நாள் குறித்து, குழந்தையின் நுரையீரலுக்காக உங்களுக்கு ஊசி போட்டு, குழந்தையை மட்டும் எடுப்பார்கள். நஞ்சைத் தொடாமல் அதோடு சேர்த்துக் கர்ப்பப்பையை அகற்றுவதே பொதுவான வழி. கேட்கக் கஷ்டமாக இருக்கும். சினைப்பைகளை விட்டுவைத்தால் ஹார்மோன் சுரப்பு தொடரும். மாதவிலக்கு நின்றுவிடும், மறுபடி கர்ப்பமாக முடியாது. சிலருக்குக் கர்ப்பப்பையைக் காக்கும் முறைகளும் உண்டு. அதைப் பற்றி இப்போதே கேட்டு வையுங்கள்.

பழவேற்காடு வேண்டாம். நடுராத்திரி ரத்தம் போக ஆரம்பித்து, எண்ணூர்ப் பக்கம் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால்? வளைகாப்பை எளிமையாக இங்கேயே வைத்து, அம்மாவை வரச் சொல்லுங்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. இந்த ரிப்போர்ட்டோடு இந்த வாரமே போங்கள். ஹீமோகுளோபின் குறைவென்றால் இப்போதே ஏற்ற வேண்டும். உங்கள் ரத்த வகைக்குக் கொடுக்கக்கூடிய உறவினர்களைக் கணவர் பேசி வைக்கட்டும். தாம்பத்திய உறவு டாக்டர் சொல்லும்வரை வேண்டாம். துளி ரத்தம் பட்டாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.