விக்டோரியா காலத்து சின்ன ஊர் போட்டோ ஸ்டூடியோக்கள்: கேள்வி பதில்

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துல சின்ன ஊர்ல ஸ்டூடியோ வெச்சு பொழச்சவங்கள பத்தி, 1850லேர்ந்து 1900 வரைக்கும், என்ன வேணா கேளுங்க. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், பழைய கண்ணாடி போட்டோ கையில இருந்தா ஈரத்துணியால தொடைக்காதீங்க.

கதிர்: அக்கா, சின்ன ஊருக்கெல்லாம் ஸ்டூடியோ எப்போ வந்துச்சு?

1841ல ரிச்சர்ட் பியர்ட் லண்டன்ல முதல் ஸ்டூடியோ திறந்தாரு. அது டகெரோடைப், வெள்ளி பூசின செப்புத் தகடு. இங்கிலாந்துல அதுக்கு பேட்டன்ட் இருந்ததால வெளியூர்ல யாரு தொழில் பண்ணாலும் காசு கட்டி லைசென்ஸ் வாங்கணும், சாதாரண கடைக்காரருக்கு கட்டுப்படியாகாது. 1851ல ஃபிரெட்ரிக் ஸ்காட் ஆர்ச்சர்னு ஒரு சிற்பி, கண்ணாடியில கொலோடியன்னு ஒரு பிசுபிசு திரவத்த பூசி படம் எடுக்கிற முறைய பத்திரிகையில எழுதி எல்லாருக்கும் குடுத்துட்டாரு, பேட்டன்ட் எடுக்கல. காகிதத்துல படம் எடுக்கிற முறைக்கு பேட்டன்ட் வெச்சிருந்த டால்பட்னு ஒருத்தர் வந்து இதுவும் என் பேட்டன்ட்தான்னு ஒரு போட்டோகிராஃபர் மேல கேஸ் போட, 1854 டிசம்பர்ல ஜூரி அத ஏத்துக்கல. அப்புறம் பாத்தா முடி வெட்டுறவரு, மருந்துக்கடைக்காரரு எல்லாம் கேமரா வாங்கிட்டாங்க. 1851 சென்சஸ்ல போட்டோகிராஃபர்னு இருந்தது 51 பேரு, 1861ல 2,500க்கு மேல! இத்தன குடும்பத்துக்கு சோறு போட்ட ஆர்ச்சர் 1857ல கையில காசில்லாம செத்தாரு, இப்போ எழுதும்போதும் மனசு கனக்குது.

தேன்மொழி: தொழில் கஷ்டமா?

ரொம்ப. கொலோடியன் பூசி, சில்வர் நைட்ரேட்ல முக்கி, காயறதுக்குள்ள படம் எடுத்து கழுவியும் முடிக்கணும், மொத்தமா பத்து நிமிஷம் போல கிடைக்கும். கரன்ட் லைட் கிடையாது, அதனால மாடியில கண்ணாடிக் கூரை, வடக்கு வெளிச்சம். பனிமூட்டம்னா வியாபாரம் படுத்துடும். விரலெல்லாம் கருப்பாயிடும், அந்தக் கறைய எடுக்க பொட்டாசியம் சயனைட போட்டு தேய்ச்சிருக்காங்க, விஷம்னு தெரிஞ்சும்! விட்பின்னு யார்க்‌ஷயர்ல ஒரு கடலோர ஊரு, அங்க ஃபிராங்க் சட்க்ளிஃப்னு ஒருத்தர். மீனவங்கள எடுத்த படங்களால இன்னிக்கு பேரு, ஆனா அவருக்கு அடுப்பு எரிஞ்சது கோடையில வர்ற டூரிஸ்ட்டுகளோட போர்ட்ரெய்ட்டாலதான்.

மீனா: ஏன் யாருமே சிரிக்கல?

கொஞ்சம் நேரம் ஆடாம இருக்கணும்கிறது ஒரு காரணம், ஆனா 1860கள்ல அது சில செகண்ட்தான். வாழ்க்கையில ஒண்ணு ரெண்டு தடவ எடுக்கிற படம், பல்லைக் காட்டினா மரியாதையா இருக்காதுன்னு நினைச்சாங்க.

ராவணன்77: காலுக்குப் பின்னாடி இரும்பு ஸ்டாண்ட் தெரிஞ்சா அது செத்தவங்க போட்டோ தானே? வீடியோல பாத்தேன்.

இல்லைங்க, இல்லவே இல்ல. அது உயிரோட இருக்கிறவங்க தலை ஆடாம இருக்க வெச்சது. கனமான அடிப்பாகம், மேல ஒல்லியா ஒரு கம்பி, நுனியில தலைக்கு சின்ன கவை, அதுல போய் ஒரு பொணத்த நிக்க வைக்க முடியுமா?

ராவணன்77: அப்போ கை மட்டும் கருப்பா இருக்கே? கண்ணு வெள்ளையா?

கொலோடியனுக்கு சிவப்பு தெரியாது, நீலம் வெளுத்துப் போயிடும். வெயில்ல உழைச்சு செவந்த கை கருப்பா விழும், நீலக் கண்ணு வெள்ளையா விழும், அதனால கண்ண பென்சிலால வரைஞ்சும் குடுப்பாங்க. செத்தவங்கள எடுத்தது உண்மைதான், ஆனா கட்டில்ல, தூங்குற மாதிரி படுக்க வெச்சு, பெரும்பாலும் குழந்தைங்க, அந்த அம்மாவுக்கு அந்த ஒரு படம்தான் மிச்சம்.

பாலா: ஆனா அவரு சொல்றதுலயும் பாயின்ட் இருக்கு, ஏலத்துல "இறந்தவர் படம்"னு போட்டுத்தானே விக்கிறாங்க?

அப்படி எழுதினா விலை ஏறும், அதான். நல்ல துணி உடுத்தி, காசு சேத்து, நடந்து வந்து நின்ன ஒரு பொண்ண 150 வருஷம் கழிச்சு பொணம்னு விக்கிறாங்க, எனக்கு இது தாங்கல. இதுக்கு மேல ஸ்டாண்ட் கேள்விக்கு பதில் சொல்ல மாட்டேன்.

செல்வா: ஒரு கார்டு போட்டோ இருக்கு, எந்த வருஷம்?

மெல்லிசான அட்டை, கூரான மூலை, முழு உருவம்னா 1860கள். மூலை வளைவா இருந்தா 1870கள் பக்கம். தடிச்ச அட்டை, தங்க ஓரம்னா இன்னும் பிந்தி. டிரஸ்ஸ மட்டும் வெச்சு சொல்லாதீங்க, பாட்டிமாருங்க பழைய ஃபேஷன விட மாட்டாங்க.

நிலா: என் கார்டு எந்த வருஷம்?

செல்வாவுக்கு சொன்னத படிங்க.

குமரன்: தாத்தா போட்டோ, மெட்ராஸ் ஸ்டூடியோ முத்திரை.

அது என் ஏரியா இல்ல தம்பி, மெட்ராஸ் ஸ்டூடியோ சேகரிக்கிறவங்க கிட்ட கேளுங்க.

ராவணன்77: கடைசியா ஒண்ணு, ஸ்டாண்ட்...

சொல்லிட்டேன்.

வாணி: அக்கா, லண்டன்ல ஒரு பழைய கடையில வாங்கின கண்ணாடி போட்டோ, உங்க பதில் பாக்கறதுக்கு முன்னாடியே தொடைச்சிட்டேன், கருப்பா உரிஞ்சு வருது, படம் மங்கிடுச்சு.

பதறாதீங்க, இனிமே தொடாதீங்க. உரிஞ்சது எந்தப் பக்கம்? அந்தக் கண்ணாடியில இருக்கிறது உண்மையில நெகட்டிவ்தான், பின்னாடி கருப்பு இருக்கிறதாலதான் முகமா தெரியுது. உரிஞ்சது பின்பக்க கருப்பு வார்னிஷ்னா, ஒரு கருப்புத் தாள பின்னாடி வெச்சுப் பாருங்க, முகம் திரும்ப வரும். வெச்சுப் பாத்துட்டு சொல்லுங்க, இங்கயே இருக்கேன்.