இயற்கை முறையில் செய்த சம்பா நெல் கனமழையில் மூழ்கிவிட்டால் மீளுமா? டெல்டாவில் என்ன செய்யலாம்?

தூர்கட்டும் பருவம், அதாவது அடியிலிருந்து பக்கத்தண்டுகள் கிளைக்கும் பருவம் என்றால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆனால் ‘இயற்கை முறைப் பயிர் எதையும் தாங்கும்’ என்ற பேச்சை நம்பிச் சும்மா இருந்தால் மீளாது. மட்கு நிறைந்த மண் வறட்சியில் கைகொடுக்கும். ஐந்தாறு நாள் தேங்கி நிற்கிற தண்ணீர் வேறு விஷயம். அங்கே சரியாக மட்காத பசுந்தாளே, அதாவது உரத்துக்காக வளர்த்து மடக்கி உழும் பச்சைச் செடியே, பயிருக்குப் பகை.

தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்றுப் போகாது. அரைகுறையாக மட்கிய தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் செடி அடியில் கிடந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். பிறகு கரிம அமிலங்களும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகும். வயலில் கால் வைத்தால் குமிழி குமிழியாகக் கிளம்பும். ஒரு குத்தைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வெள்ளையாகவோ, துருவேறிய மாதிரி செம்பழுப்பாகவோ இருந்தால் பயமில்லை. வேரிலிருந்து ஆக்சிஜன் கசிவதால்தான் அந்தத் துரு படிகிறது. கறுத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் வேர் செத்துக்கொண்டிருக்கிறது.

அதனால் தக்கைப்பூண்டைப் பூக்கும் தறுவாயில், 45 நாளில் மடக்கி உழுதுவிட்டு, 10–15 நாளாவது மட்க விடுங்கள். மழைக்குப் பயந்து உழுத மறுநாளே நடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

மூழ்கியதும் முதல் வேலை வடிகால். தாழ்ந்த மூலையில் வரப்பை வெட்டிவிடலாம். வாய்க்கால் மட்டம் வயலைவிட உயர்ந்திருந்தால் வெட்டாதீர்கள், வெளித்தண்ணீர் உள்ளே வரும், மோட்டார் வைத்து இறைக்க வேண்டியதுதான். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்த பொது வடிகாலைப் புரட்டாசியிலேயே ஊர் சேர்ந்து எடுக்காவிட்டால், தனி ஆள் வரப்பை வெட்டிப் பிரயோசனமில்லை.

தண்ணீர் நிற்கையில் ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசல்) ஊற்றுவது வீண். ஒரு ஏக்கரில் 10 செ.மீ. தண்ணீர் என்றால் சுமார் 4 லட்சம் லிட்டர். அதில் 200 லிட்டர் ஜீவாமிர்தம் என்ன செய்யும்? வடியும்போது வாய்க்காலுக்குத்தான் போகும்.

வடித்த பின் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வைத்திருங்கள்: மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் மெல்லிசாகத் தண்ணீர் கட்டினால் போதும். புதுக் குருத்து வந்த பிறகே ஊட்டம். பத்து லிட்டர் டேங்குக்கு 300 மி.லி. பஞ்சகவ்யம் (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்த கரைசல்), வடிகட்டி, மாலையில் தெளிக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பின் பாக்டீரியா இலைக்கருகல் வரும். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, காதி சோப்புக் கரைசல் கலந்து தெளிக்கலாம். கொட்டை எட்டு மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால் வீரியம் இருக்காது. கரைசல் பால் மாதிரி வெளுத்து வர வேண்டும்.

ரகத்திலும் கவனம் தேவை. மாப்பிள்ளைச் சம்பா உயரமான பயிர். காற்றோடு மழை வந்தால் சாய்ந்துவிடும், தழைச்சத்து கூடினால் இன்னும் மோசம். அடிக்கடி மூழ்கும் வயலுக்கு, மூழ்கலைத் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் ரகம் நல்லது. ஒடிசாவின் நாட்டு ரகம் ஒன்றிலிருந்து இனக்கலப்பு மூலம் கொண்டுவந்த குணம் அந்தத் தாங்கும் திறன், மரபணு மாற்று விதை இல்லை. முழுக்க மூழ்கினால் வளர்ச்சியை நிறுத்தி, மாவுச்சத்தைச் சேமித்து, இரண்டு வாரம் வரை பிழைத்துக் கிடக்கும். ஆனால் பூக்கும் பருவத்தில் மூழ்கினால் அதுவும் கைவிடும். வாரக்கணக்கில் பாதி உயரத்துக்கு நிற்கும் தண்ணீருக்கும் அது தீர்வல்ல.

அழுகிப்போன இடங்களில், நன்றாகத் தூர்விட்ட குத்துகளைப் பிரித்து நட்டுவிடுங்கள். புது நாற்றை வாங்கி நட்டால் வயது ஒத்துவராது, அறுவடையில் பாதி பச்சையாக நிற்கும்.