பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பறவைகளை வேறு சிற்றினம் என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பள்ளிக்கூடத்தில் படித்த பதில் இதுதான்: தங்களுக்குள் இணைசேர்ந்து, பிறக்கும் குஞ்சுகளாலும் இனம் பெருக்க முடிந்தால் ஒரே சிற்றினம். உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர் 1942இல் தந்த வரையறையும் ஏறக்குறைய இதுவே. இதன்படி எங்கள் பெங்களூர்த் தெருநாயும் அபார்ட்மென்ட் பொமரேனியனும் ஒன்றுதான். தோற்றத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

ஆனால் இரண்டு கூட்டங்கள் சந்திக்கவே வழியில்லை என்றால் எப்படிச் சோதிப்பது? பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போகும் ரயில் கோவை தாண்டிப் பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழையும். 30–40 கிலோமீட்டர் அகலம், நல்ல வெயில். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலையும் பழனி மலையும். இரு பக்கமும் உச்சிச் சோலைக்காடுகளில் ஒரு சிறிய நீலப் பறவை உண்டு. குளிர்ந்த சோலையை விட்டு அது இறங்காது என்பதால், அதற்கு இந்தக் கணவாய் ஒரு கடல். எந்தப் பக்கம் என்ன மரபணு மாற்றம் வந்தாலும் அது அந்தப் பக்கத்திலேயே தங்கிவிடும். பல லட்சம் ஆண்டுகள் இப்படியே போனால் பாட்டும் நிறமும் விலகிவிடுகின்றன. நீலகிரிப் பறவையின் விலாவில் செம்பழுப்பு. பழனிப் பறவைக்கு அது கிடையாது.

பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்தவர்களும் பங்கேற்ற ஆய்வு 2017இல் வந்தது. மரபணு, உடல் அளவு, பாட்டு, இறகு நிறம் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, இவற்றை ஷோலிகோலா (Sholicola) என்ற தனிப் பேரினத்தில் வைத்தார்கள். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே இருப்பதையும் தனிச் சிற்றினமாகப் பிரித்தார்கள். இணைசேருமா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, சான்றுகளைச் சேர்த்து ஊகித்ததுதான். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

இதைவிடக் குழப்பமான ஆசாமி குளிர்காலத்தில் இங்கே வரும் கிரீனிஷ் வார்ப்ளர் என்ற சின்னப் பறவை. திபெத் பீடபூமியைச் சுற்றி வளையம் போல இனப்பெருக்கம் செய்கிறது. அடுத்தடுத்த கூட்டங்களுக்குள் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் வளையத்தின் இரு முனைகளும் சைபீரியாவில் சந்திக்கும்போது, பாட்டு வேறாகிவிட்டதால் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. சிற்றினங்களைப் பிரிக்கும் கோடு எங்கே போடுவீர்கள்?

சரி, யார் முடிவு செய்கிறார்கள்? இறுதித் தீர்ப்புச் சொல்ல ஒரே அமைப்பு என்று எதுவும் இல்லை. ஆய்வாளர்கள் கட்டுரை வெளியிடுவார்கள். உலகப் பறவைப் பட்டியல்களைப் பராமரிக்கும் குழுக்கள் ஏற்கும், அல்லது தள்ளிப்போடும். நீங்கள் வீட்டில் சும்மா இருந்தாலும் இ-பேர்ட் (பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கும் இணையதளம்) கணக்கில் ஒரு பறவை கூடுவதும் குறைவதும் இதனால்தான்.