மகன் அனுப்பிய கிரீன் டீயும் செட்டிகுளத்துக் கிணற்றுத் தண்ணீரும்

வாசகி கேள்வி: எனக்கு 53 வயது. நான்கு வருடங்களாகச் சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் இருக்கின்றன. மெட்போமினும் பிரஷர் மாத்திரையும் எடுக்கிறேன். கனடாவிலுள்ள மகன் இரண்டு டின் கிரீன் டீ அனுப்பியிருக்கிறான். ஒரு நாளைக்கு ஐந்து தரம் குடித்தால் உடம்பு மெலியும், சீனியும் இறங்கும் என்கிறான். குடித்துப் பார்த்தேன், வேப்பிலைச் சாறு போலக் கசக்கிறது. மேலே ஆடை போல ஏதோ மிதக்கிறது. சீனி போடலாமா? ஐந்து மாதக் கர்ப்பிணியான மகள் என்னோடு இருக்கிறாள். அவளுக்கு இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். அவளும் குடிக்கலாமா? எண்பதை நெருங்கும் என் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 1977 இனக் கலவரத்தோடு இங்கே வந்தோம். "இதெல்லாம் ஒரு தேயிலையா?" என்று அவர் சிரிக்கிறார்.
(செட்டிகுளம், வவுனியா)

பதில்: அம்மாவிலிருந்தே தொடங்குகிறேன். அவர் பறித்த கொழுந்தும் உங்கள் டின்னுக்குள் இருப்பதும் ஒரே செடிதான். கிரீன் டீக்கென்று தனிச் செடி கிடையாது. இரண்டு இலையும் ஓர் அரும்பும் தொழிற்சாலைக்குப் போன பிறகுதான் வழி பிரிகிறது. நம் வழக்கமான தேயிலைக்கு இலையை வாட்டி, உருட்டி, காற்றுப்படப் போட்டு, நிறம் மாறவிட்டு உலர்த்துவார்கள். வாழைக்காயை வெட்டி வைத்தால் கறுக்கிறதே, கிட்டத்தட்ட அதே வேலைதான் அங்கும் நடக்கிறது. கிரீன் டீக்கு அந்த வேலை நடக்கும் முன்பே ஆவியிலோ சூடான சட்டியிலோ இலையைக் காட்டி நிறுத்திவிடுவார்கள். அதனால் பச்சை நிறமும் கட்டெகின் எனும் துவர்ப்புப் பொருட்களும் பெருமளவு அப்படியே தங்குகின்றன. ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிப் பகுதியின் லூல்கந்துராத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாடு இது. இங்கே கனடாவிலிருந்து தேயிலை வருகிறது என்றால் அம்மா சிரிக்காமல் என்ன செய்வார்?

இனி மகன் சொன்னதற்கு வருகிறேன். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது, மிகைப்படுத்தலும் இருக்கிறது. ஜப்பானின் மியாகி பகுதியில் 40,530 பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ கிரீன் டீ குடித்தவர்களிடையே இதயநோயாலும் பக்கவாதத்தாலும் நேர்ந்த இறப்புகள் குறைவாக இருந்தன. பெண்களிடம் அந்த வித்தியாசம் கூடுதலாகத் தெரிந்தது. புற்றுநோய் இறப்பில் வித்தியாசம் காணப்படவில்லை. ஆனால் அது குடிப்பவர்களையும் குடிக்காதவர்களையும் பார்த்து ஒப்பிட்ட ஆய்வு. அந்த நன்மை முழுவதும் தேநீரால் வந்ததா, அதைக் குடிப்பவர்களின் சாப்பாடும் பழக்கமும் சேர்ந்து வந்ததா என்று அதைக்கொண்டு அறுதியிட முடியாது. பிரித்தானியாவில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைக் கவனித்த 2022ஆம் ஆண்டு ஆய்வு கறுப்புத் தேநீருக்கும் ஓரளவு நன்மை காட்டியது. ஆகவே நம் பிளேன் டீயை எதிரியாகப் பார்க்க வேண்டாம்.

மெலிவது பற்றிய பரிசோதனைகளில் கிடைத்த எடைக்குறைவு தராசு முள் அசையவே யோசிக்கும் அளவுதான். இரத்தச் சீனியில் தெரிந்த மாற்றமும் சிறிது. மெட்போமினை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கும் எண்ணம் இருந்தால் இந்த வரியோடு அதை விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்க வேண்டும். இப்போது ஒரு நாளைக்கு எத்தனை தரம் தேநீர், ஒவ்வொன்றிலும் எத்தனை கரண்டி சீனி? விடிந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, யாராவது வந்தால் அவர்களோடு ஒன்று, பின்னேரம் ஒன்று, இரவு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி என்று வைத்தால் பத்துக் கரண்டி. மட்டமாகப் போட்டாலே 40 கிராம், நம் கை போடுகிற குவியலுக்கு 50 கிராமைத் தொடும். 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. அந்த ஐந்தில் மூன்றைச் சீனியும் பால்மாவும் இல்லாத கிரீன் டீயாக மாற்றினால், அடுத்த முறை வெறும் வயிற்றில் இரத்தம் சோதிக்கும்போது இலக்கம் இறங்கியிருக்கலாம். இறங்கினால் மகன் தன் டின்னைத்தான் பாராட்டுவான். உண்மையில் பாராட்ட வேண்டியது வெறுமனே கிடந்த சீனிக் கரண்டியை. ஆகவே சீனி போட வேண்டாம். தேனும் பனங்கட்டியும் இந்தக் கணக்கில் சீனியின் உறவினர்கள்தான்.

சீனி இல்லாமல் கசப்பை எப்படி விழுங்குவது என்பீர்கள். கசப்பு பெரும்பாலும் இலையில் இல்லை, கேத்தலில் இருக்கிறது. பிளேன் டீக்குச் செய்வதுபோலக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, சாயம் இறங்கட்டும் என்று மூடி வைத்திருப்பீர்கள். கிரீன் டீக்கு 70 முதல் 80 பாகை வரையான சூடு போதும். வெப்பமானி தேவையில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, ஒரு பேணியில் ஊற்றி, அதிலிருந்து இன்னொரு பேணிக்கு மாற்றுங்கள். பேணியின் விளிம்பைப் பிடித்துத் தூக்க முடிகிற பதம் வந்ததும் ஒரு தேக்கரண்டி இலையைப் போடுங்கள். முதலில் சுருண்டு மிதக்கும். பிறகு ஒவ்வொன்றாக விரிந்து அடியில் இறங்கும், தண்ணீர் வைக்கோல் நிறத்துக்கு வரும். இரண்டு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் துவர்ப்பு ஏறிவிடும். அதே இலையில் இரண்டாவது தண்ணீரும் ஊற்றலாம், எனக்கு அதுதான் கூடுதலாகப் பிடிக்கும். குடிக்கும்போது நாக்குச் சுடாத சூடாக இருக்கட்டும். 65 பாகைக்கு மேற்பட்ட பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு தொடர்புபடலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016இல் வகைப்படுத்தியது. எந்தப் பானமாக இருந்தாலும் அது பொருந்தும்.

மேலே மிதக்கும் ஆடை உங்கள் கிணற்றின் கைவேலை. நம் பகுதித் தண்ணீரின் கடினத்தன்மை கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சுண்ணாம்புச் சத்து தேநீரின் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து ஆடையாகிறது. தேசிக்காய் இரண்டு துளி விட்டால் கலைந்துவிடும். ஆடையால் கெடுதி இல்லை. நான் யோசிப்பது கண்ணுக்குத் தெரியாத புளோரைட்டைப் பற்றி. வவுனியா மாவட்டத்தின் சில இடங்களில் நிலத்தடி நீரில் அது மிகுதி. பிள்ளைகளின் பல்லில் மண்ணிறக் கறை விழுவது அதனால்தான். தேயிலைச் செடியும் மண்ணிலிருந்து புளோரைட்டை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கிறது. கொழுந்தில் குறைவு, முற்றிய இலையில் அதிகம். கிணற்றில் ஒரு பங்கு, இலையில் ஒரு பங்கு என்று இரண்டும் ஒரே கோப்பையில் சேர்கின்றன. கொதிக்கவைத்தால் புளோரைட்டு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். ஊரில் சுத்திகரித்த குடிநீர் கிடைக்குமானால் தேநீருக்கும் அதையே எடுங்கள். ருசியும் தெளியும். சிறுநீரகத்தில் பிரச்சினை என்று யாருக்காவது சொல்லப்பட்டிருந்தால் அவர் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

மகளுக்கு வருகிறேன். குழந்தை பிறந்து, இரத்தம் சீராகும்வரை அவள் இதை விட்டுவிடட்டும் என்பது என் கருத்து. காரணம் கஃபீன் மட்டுமல்ல. ஒரு கோப்பையில் ஏறக்குறைய 30 மில்லிகிராம்தான் இருக்கும், கோப்பியில் இருப்பதைவிட மிகக் குறைவு. பெரிய காரணம் இரும்புச்சத்து. கீரை, பயறு, சிவப்பரிசி இவற்றிலுள்ள இரும்பைத் தேநீரின் துவர்ப்புப் பொருட்கள் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பு உறிஞ்சவிடாது. முருங்கையிலை வறையோடு சோறு சாப்பிட்டு, கையோடு ஒரு தேநீரும் குடித்தால் வறையின் பயனில் ஒரு பகுதி வீண். இது எல்லாத் தேநீருக்கும் பொருந்தும், ஆகவே அவள் பிளேன் டீயையும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளட்டும். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கவே கூடாது, தண்ணீரோ தேசிக்காய்த் தண்ணீரோ போதும்.

உங்களுக்கும் இடைவெளி முக்கியம். காலையில் பத்து மணி, பின்னேரம் நான்கு மணி, வேண்டுமானால் மதியச் சாப்பாடு முடிந்து ஒன்றரை மணி நேரத்தில் ஒன்று. வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் குமட்டும். இருட்டிய பின் குடித்தால் நித்திரை தள்ளிப்போகும். உங்கள் பிரஷர் மாத்திரையின் பெயரை எழுதவில்லை. நடோலோல் என்றால் கிரீன் டீ அதன் வேலையைக் குறைக்கும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் அளவுக்கு மிஞ்சிக் குடிக்கக் கூடாது. அடுத்த கிளினிக்குக்கு டின்னையும் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மகன் அடுத்து கிரீன் டீ மாத்திரை அனுப்புவதாகச் சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். கோப்பையில் ஊறி வருவது வேறு, செறிவாக்கி மாத்திரையில் அடைத்தது வேறு. அத்தகைய மாத்திரைகள் வழியாக இஜிசிஜி (EGCG) எனும் கட்டெகினை நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் சுட்டிக்காட்டியது. உடல் மெலிய வைக்கும் தேநீர் என்று விற்கும் பைகள் சிலவற்றில் நிலாவாரை கலந்திருக்கும். அது வயிற்றைக் கழியவைத்துத் தராசை ஏமாற்றும், கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

டின்னைத் திறந்த பிறகு இறுக மூடி, அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். முதல் டின் முடியும்வரை இரண்டாவதை உடைக்காமல் வையுங்கள். இன்று பின்னேரம் வடித்து முடிந்ததும், ஊறி விரிந்த இலையில் நான்கைந்தை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வையுங்கள். கொழுந்தா, முற்றலா என்பதை விரலால் நீவிப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார். முற்றல் என்றால் அடுத்த தரம் வேறு வகை வாங்கி அனுப்பச் சொல்லி மகனுக்கு அவரே தொலைபேசியில் சொல்லட்டும்.