உருளையில் தொடையை உருட்டினால் நடை நிமிருமா?

ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் பத்து ஆண்டுகளாக உட்கார்ந்தே தைக்கிறேன். எழுந்து நடக்கும்போது இடுப்பு முன்னால் சாய்ந்தே இருக்கிறது. தசைகளை அழுத்தி உருட்டும் நுரை உருளை (ஃபோம் ரோலர்) உதவுமா?

ஓரளவு உதவும். முன்தொடையின் நான்கு தசைகளில் ரெக்டஸ் ஃபெமோரிஸ் மட்டும் இடுப்பெலும்பில் தொடங்கி முழங்காலையும் தாண்டுவதால், அது இறுகினால் இடுப்பை முன்புறம் கீழே இழுக்கும். நடக்கையில் தொடை பின்னால் போக வேண்டிய அளவு போகாது, அந்தக் குறையை முதுகு வளைந்து ஈடுகட்டும். உங்களுக்கு இறுக்கம் எங்கே என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். கட்டிலின் விளிம்பில் பிட்டம் இருக்குமாறு மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றக் காலைத் தொங்கவிடுங்கள். தொடை கட்டில் மட்டத்துக்கு இறங்காவிட்டால் இடுப்பை மடக்கும் தசைகள் இறுகியுள்ளன. தொடை இறங்கியும் முழங்கால் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தால் ரெக்டஸ் ஃபெமோரிஸைச் சந்தேகிக்கலாம். இடுப்பை மடக்கும் தசைகளில் ஒன்றான, வயிற்றின் ஆழத்தில் கிடக்கும் சோவாஸ் தசையை உருளை எட்டாது என்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, முழங்காலுக்குச் சற்று மேலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை மெதுவாக ஒரு நிமிடம் உருட்டுங்கள். தசை இதனால் நீளமாகிவிடுவதில்லை. இழுவையைத் தாங்க நரம்பு மண்டலம் சற்றே இசைகிறது, அந்தத் தளர்வும் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் மறைகிறது. ஆகவே உருட்டியவுடன் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பிட்டத்தை இறுக்கி இடுப்பைப் பத்து முறை தூக்குங்கள். பிறகு எழுந்து நடங்கள். பிட்டத் தசைக்கு வலுச் சேர்க்காமல் உருளையை மட்டும் நம்புபவர்களின் நடை மாதக்கணக்கில் அப்படியே இருப்பதை வேலூரில் அடிக்கடி பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

தொடையின் வெளிப்பக்கம் உருட்டும்போது உயிர் போகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடரலாமா?

வேண்டாம். அங்கே நீளமாக ஓடுவது தசையன்று, தடித்த நார்ப்பட்டை. உங்கள் உடல் எடையால் அது இளகாது. பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சியே பயன் தரும்.

சோளிங்கரில் 1305 படிகள் ஏறி இறங்கினேன். இரண்டு நாளாகக் காலை மடக்க முடியாமல் விறைத்து நடக்கிறேன்.

வலியைத் தந்தது பெரும்பாலும் இறக்கம்தான். ஒவ்வொரு படியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவதால் அதன் இழைகளில் நுண்ணிய சிதைவு ஏற்பட்டு, வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சமடையும். மென்மையாக உருட்டினால் வலி சற்றுக் குறையும். தசை ஆறியதும் நடையும் தானாகத் திரும்பும். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

குடியாத்தத்தில் தறி நெய்யும் என் அப்பாவுக்குச் சர்க்கரை நோயும் காலில் நரம்புச் சுருட்டலும் உண்டு. அவரும் உருட்டலாமா?

மருத்துவர் பார்க்காமல் கூடாது. சர்க்கரை நோயால் உணர்வு மரத்த காலில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. நரம்புச் சுருட்டலில் புடைத்த இரத்தக் குழாயின் மேல் உருளையை வைக்கவே கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். தொடாமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.